லாபம் எங்கப்பா போச்சு? – வாசகர் கேள்வியும் ஒரு பழைய கான்ட்ராக்டரோட பதிலும்

அரசு வேலை எடுத்து செய்யுற கான்ட்ராக்டருக்கு உண்மையில என்ன மிஞ்சுது, எது அதைத் தின்னுதுன்னு போன இதழ்ல கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிஞ்சிடுச்சு. 31 வருஷம் பொதுப்பணி, நெடுஞ்சாலை, யூனியன், நகராட்சின்னு எல்லாத்துலயும் வேலை எடுத்து, ரெண்டு தடவை கவுந்து, மூணாவது தடவை எந்திரிச்ச ஒருத்தன்ங்கிற தகுதியில நான் பதில் சொல்றேன். பேர் போட்டுடாதீங்கன்னு பாதிப்பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: அண்ணா, நான் பிஇ சிவில் முடிச்சிட்டு கான்ட்ராக்ட் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். எஸ்டிமேட்லயே கான்ட்ராக்டர் லாபம்னு சேர்த்துத்தானே ரேட் போடுறாங்க, அப்புறம் எப்படி நஷ்டம் வரும்? – அருப்புக்கோட்டை வாசகர்

தம்பி, காலேஜ்ல ரேட் அனாலிசிஸ் ஒழுங்கா படிச்சிருக்கீங்கன்னு தெரியுது. ஆமா, சேர்த்துத்தான் போடுறாங்க. மத்திய பொதுப்பணித் துறையோட ஷெட்யூல் ரேட்ல, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் துறையே போட்டு வெச்சிருக்குற விலைப்பட்டியல்ல, பொருள் கூலி மெஷின் எல்லாம் கூட்டி அதுமேல 15 சதவீதம் வெப்பாங்க, பாதி ஓவர்ஹெட்டுக்கு பாதி லாபத்துக்கு, அதாவது ஏழரை ஏழரை. மத்திய சாலைத்துறையோட டேட்டா புக்ல ஓவர்ஹெட் தனி, அதுக்கு மேல லாபம் 10 சதவீதம். மாநிலத்துக்கு மாநிலம் இது கொஞ்சம் மாறும்.

இப்ப பேப்பர் எடுத்து எழுதுங்க. எஸ்டிமேட் 1 கோடி. உள்ளாற 15 சதவீதம் இருக்குன்னா நெசமான செலவு சுமாரா 87 லட்சம், மிச்சம் 13 லட்சம், அதுல ஆறரை உங்க ஆபீஸ், சூப்பர்வைசர் சம்பளம், வாட்ச்மேன், பெட்ரோல், சைட் ஷெட்டு இதுக்கெல்லாம், இன்னொரு ஆறரை உங்க லாபம். டெண்டர்ல நீங்க 7 சதவீதம் லெஸ், அதாவது எஸ்டிமேட்டை விடக் கம்மி, போட்டீங்கன்னா உங்களுக்கு வர்றது 93. 93ல 87 போனா 6. ஓவர்ஹெட்டுக்கே ஆறரை வேணும். ஆக 7 சதவீதம் லெஸ்ஸுலயே உங்க லாபம் மொத்தமும் காலி, கையில இருந்து வேற 50 ஆயிரம் போகுது, இன்னும் ஒரு கல்லு கூட எறக்கல. ஆனா டெண்டர் திறக்குற அன்னிக்கு போய் நின்னு பாருங்க, 15 லெஸ், 20 லெஸ்னு அசால்ட்டா போட்டிருப்பான்.

எப்படி போடுறான்னு கேப்பீங்க. ஒண்ணு, ஷெட்யூல் ரேட் எல்லா ஐட்டத்துக்கும் ஒரே மாதிரி டைட்டா இருக்காது, மண் வேலை மாதிரி சிலதுல சொந்தமா மெஷின் வெச்சிருக்கவனுக்கு நல்லா மிஞ்சும், அது பழைய ஆளுங்களுக்கு மனப்பாடமா தெரியும். ரெண்டாவது, டிப்பர், ரோலர், ஹாட் மிக்ஸ் பிளான்ட்னு கடன்ல வாங்கிப் போட்டிருப்பான், சும்மா நின்னாலும் தவணை கட்டணும், அதுக்கு லாபமே இல்லாம ஓட்டுனாலும் பரவால்லன்னு வர்றான். மூணாவது, அடுத்த பெரிய வேலைக்கு தகுதி காட்ட டர்ன்ஓவரும் அனுபவ சர்டிபிகேட்டும் வேணும். நாலாவது ஆளுதான் ஆபத்து, பழைய கடனை அடைக்க புது வேலையோட முதல் பில்லை நம்பி வர்றவன்.

நம்மூர்ல 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டப்படி தகுதி உள்ளவங்கள்ல ரேட் கம்மி போட்டவனுக்குத்தான் வேலை. அதனால அஞ்சு பேர் கணக்குப் போட்டதுல எவன் அதிகமா தப்புக் கணக்குப் போட்டானோ அவன்தான் ஜெயிப்பான், அதை மட்டும் ஞாபகத்துல வெச்சுட்டு லைசென்ஸ் எடுங்க. ரொம்பக் கீழ போட்டா கூடுதல் டெபாசிட் வேற கேப்பாங்க, அந்தப் பணமும் வேலை முடியுற வரைக்கும் அங்கயே முடங்கிக் கெடக்கும்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் 40 லட்ச ரூபாய்க்கு ஒரு பள்ளிக்கட்டட வேலை செஞ்சார். 10 பர்சன்ட் நிக்கும்னு சொன்னார். வேலை முடிஞ்சு 8 மாசம் கழிச்சு பணம் வந்துச்சு. என் நகை இன்னும் அடமானத்துல இருக்கு. லாபம்னு சொல்றாரு, கண்ணுல காணோம். பொய் சொல்றாரா? – பொள்ளாச்சி வாசகி

பொய் சொல்லலம்மா. அவருக்கே தெரியல, அவ்வளவுதான். வாங்க நாம ரெண்டு பேரும் கணக்குப் பார்ப்போம், அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.

40 லட்சம்னு பில் போட்டா 40ம் கைக்கு வராது. வருமான வரி பிடித்தம், தனி ஆளா இருந்தா 1 சதவீதம், 40 ஆயிரம். ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், 80 ஆயிரம். கட்டடத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், இன்னொரு 40 ஆயிரம். டெபாசிட்டா நிறுத்தி வெக்குறது பில்லுல 5 சதவீதம்னு வெச்சுக்கோங்க, 2 லட்சம். ஆக மூணு லட்சத்து அறுபதாயிரம் முதல்லயே கழிஞ்சு போச்சு. இதுல முதல் ரெண்டும் அவரோட வரிக்கணக்குல வரவாயிடும், ரிட்டன் ஒழுங்கா போட்டா வீணாகாது. நல வரி திரும்பாது, எஸ்டிமேட்ல அதைத் தனியா சேர்த்திருந்தா சரி, இல்லன்னா லாபத்துல இருந்துதான். 2 லட்சம் டெபாசிட் உத்தரவாத காலம் முடியுற வரைக்கும் அங்கதான் இருக்கும்.

இது கூட பெருசில்ல. வேலைக்கு அவர் வெளியில வாங்கிப் போட்டது எவ்வளவு? நீங்க எழுதுன மத்த விவரத்தை வெச்சு ஒரு 25 லட்சம்னு எடுத்துக்குறேன். நம்ம தொழில்ல சாதாரணமா ரெண்டு வட்டி, மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா. 25 லட்சத்துக்கு மாசம் 50 ஆயிரம். 8 மாசம், 4 லட்சம். 40 லட்சத்துல 10 பர்சன்ட் எவ்வளவு? அதே 4 லட்சம். அவர் சொன்ன லாபம் நெசமாவே வந்துச்சும்மா, வந்து நேரா வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு, உங்க வீட்டு வாசல்ல கூட நிக்கல.

இதுதான் நான் 31 வருஷத்துல கத்துக்கிட்ட ஒரே விஷயம், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். ரேட்டுல போற பணத்தை விட நாளுல போற பணம்தான் ஜாஸ்தி. டெண்டர் போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் ரேட் என்ன, அளவு என்னன்னு பாப்பாங்க, நான் முதல்ல கேக்குறது "இந்த வேலைக்குப் பணம் எங்கருந்து வருது?" நபார்டு கடன்ல, உலக வங்கி கடன்ல வர்ற வேலைன்னா பெரும்பாலும் பணம் தயாரா இருக்கும். உள்ளாட்சியோட சொந்த நிதின்னா அவங்களுக்கு வீட்டு வரி வசூலாகி, சம்பளம் குடுத்து, கரண்டு பில் கட்டி, மிச்சம் இருந்தாத்தான் நமக்கு. அந்த மாதிரி வேலைக்கு நான் 3 சதவீதம் ஏத்தித்தான் போடுவேன், கிடைக்கலன்னா போகட்டும்.

வீட்டுக்காரர்கிட்ட ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க. ஒவ்வொரு பில்லுக்கும் மூணு தேதி எழுதட்டும், வேலை முடிஞ்ச தேதி, துறையோட அளவுப் புத்தகமான எம் புக்குல அளவு ஏறுன தேதி, பணம் வந்த தேதி. முதல் ரெண்டு தேதிக்கும் நடுவுல ஒரு மாசம் போகுதுன்னா அது இவரோட சோம்பேறித்தனம், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) பின்னாடி போய் அளவு எடுக்க வெக்கல. அடுத்த ரெண்டுக்கும் நடுவுலதான் "ஃபண்ட் வரல சார்". சிறு தொழில்னு மத்திய அரசோட உத்யம் தளத்துல பதிவு பண்ணி வெச்சா 45 நாள்ல பணம் தரணும், தவறுனா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டின்னு 2006 சட்டம் சொல்லுது, ஆனா கட்டுமான ஒப்பந்த வேலைக்கு அது செல்லாதுன்னு சில ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால அதையே நம்பி உக்காராதீங்க. நகையை முதல்ல பேங்குக்கு மாத்துங்க, தனியார் வட்டியில பாதி கூட வராது. இதைச் சொல்ல நான் வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும், அவருதான் கேக்க மாட்டேங்குறாருன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பக்கத்தைக் கிழிச்சு பீரோவுல ஒட்டுங்க.

கேள்வி: எஸ்டிமேட்ல ஜல்லி குவாரி 22 கிலோமீட்டர்னு லீடு (பொருள் எடுத்துட்டு வர்ற தூரம்) போட்டிருக்காங்க. அந்தக் குவாரி மூடியே கெடக்கு. நான் 60 கிலோமீட்டர் தாண்டி எடுக்குறேன். எவ்வளவு அடி வாங்குவேன்? – ராமநாதபுரம் வாசகர்

உங்க மாவட்டத்துல ஜல்லிக்கு எப்பவும் அடுத்த மாவட்டத்தைத்தான் பாக்கணும், அதனால லீடுங்கிற ஒரு வரியில உங்க தலையெழுத்தே இருக்கு. ரேட் நெகோசியேஷன் பண்றதுக்கு முன்னாடி லீடு ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்தக் குவாரிக்கு நேரா பைக்ல போய்ப் பாத்துட்டு வரணும். நீங்க டெண்டர் எடுத்த பிறகு பாத்திருக்கீங்க.

ஒரு கிலோமீட்டர் கிராமத்து ரோடு, அகலம் 3.75 மீட்டர், வெட் மிக்ஸ், அதாவது தண்ணி கலந்து போடுற ஜல்லி லேயர், 15 சென்டிமீட்டர் கனம்னு வெச்சுக்குவோம். ரோலர் ஓட்டி இறுகினது 562 கனமீட்டர் வரும். இறுகுறதுக்கு முன்னாடி உதிரியா 1.32 மடங்கு வேணும், அதாவது 742 கனமீட்டர். குவாரிக்காரன் கனமீட்டர்ல விக்க மாட்டான், யூனிட்டுலதான், 100 கனஅடி, 2.83 கனமீட்டர். ஆக 262 யூனிட். கூடுதல் தூரத்துக்கு யூனிட்டுக்கு 600 ரூபா ஏறுதுன்னா ஒண்ணரை லட்சத்துக்கு மேல. ஒரு கிலோமீட்டர்ல, ஒரே ஒரு லேயர்ல. இந்த மாதிரி உதிரி–இறுகல் வித்தியாசத்தை மறந்துட்டு 562க்கு மட்டும் ஜல்லி கணக்குப் போட்டு டெண்டர் போட்ட ஆளை நான் நேர்ல பாத்திருக்கேன், எங்க அத்தை பையன்தான்.

இதுல 2025 ஏப்ரல்ல கனிமம் உள்ள நிலத்துக்குன்னு புது வரி வந்துச்சு, கிரஷர்காரங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஜல்லியும் எம் சாண்டும் விலை ஏறுச்சு. அதுக்கு முன்னாடி டெண்டர் போட்டு கையெழுத்து ஆனவங்க நெலமை என்னன்னு நான் சொல்லவே வேண்டாம்.

தூரத்தை விட மோசமான ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்கல, நானே சொல்றேன். லாரி அளவு. 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் பாடின்னா 294 கனஅடி, மூணு யூனிட்டுன்னு பில் போட்டுருவான். என்னோட மூணாவது வேலையில ஒரு நாள் காலைல 5 மணிக்கு சைட்ல நின்னேன், கையில ஒரு மூங்கில் குச்சி, அடி அடியா கோடு போட்டது. வந்த லாரியில ஏறி நாலு மூலையிலயும் நடுவுலயும் குத்திப் பாத்தா எங்கயும் மூணடி இல்ல, மூணு அங்குலம் கம்மி. பெருசா ஒண்ணுமில்லையேன்னு தோணும். 14 பெருக்கல் 7 பெருக்கல் கால் அடி, இருபத்து நாலரை கனஅடி. பன்னெண்டுல ஒரு பங்கு, 8 சதவீதம். எஸ்டிமேட்ல எனக்குன்னு போட்ட லாபம் ஏழரை சதவீதம், லாரியில போன ஜல்லி 8 சதவீதம். டிரைவர் கேட்டான், "என்ன மொதலாளி, குச்சியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டீங்க"ன்னு. அன்னிலருந்து அந்தக் குச்சி என் ஜீப்புலயே இருந்துச்சு.

கேள்வி: வாய்க்கால் வேலை எடுத்தா ஏன் எப்பவும் இழுபறியாகுது? – மன்னார்குடி வாசகர்

உங்க ஊர்ல தேதி நம்ம கையில இல்ல, மேட்டூர் கையில இருக்கு. வழக்கமா ஜனவரி 28 மூடுவாங்க, ஜூன் 12 திறப்பாங்க. தண்ணி நின்னு காஞ்சு, எஸ்டிமேட் சேங்ஷன் ஆகி, டெண்டர் முடிஞ்சு, வேலை உத்தரவு கைக்கு வரும்போது பாதி நாள் போயிருக்கும், தூர் வாருறது பெரும்பாலும் ஏப்ரல் மே ரெண்டு மாசத்துக்குள்ளதான். எல்லா கான்ட்ராக்டரும் ஒரே நேரத்துல பொக்லைன் தேடுவான், வாடகை ஏறும். 2022ல மே 24லயே அணையைத் திறந்துட்டாங்க, விவசாயிக்கு சந்தோஷம்தான், நான் அதுல குறை சொல்லல, ஆனா ஜூன் 12 வரைக்கும்னு கணக்குப் போட்டு நிதானமா கான்கிரீட் லைனிங் பண்ணிட்டிருந்தவன் 19 நாளை இழந்தான். பத்து நாள் ராத்திரி ஷிப்டு போட்டு முடிச்சதா ஒரு நண்பர் சொன்னார், கூலி ரெட்டிப்பு. அக்டோபருக்கு மேல வடகிழக்கு மழை, அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. டெல்டாவுல வேலை எடுக்குறவன் பஞ்சாங்கம் வெச்சுக்கணும்.

கேள்வி: கம்பி, தார் விலை ஏறினா கவர்மெண்ட் கூட்டிக் குடுக்குமே, அப்புறம் என்ன கவலை? வேலையை நடுவுல நிறுத்தினா நஷ்டஈடு உண்டா? – திருப்பூர் வாசகர்

ரெண்டு கேள்வியை ஒரே மூச்சுல கேட்டுட்டீங்க. விலை ஏத்தம் குடுக்குற ஷரத்து எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்காது, சின்ன வேலை, குறுகிய கால வேலைன்னா பெரும்பாலும் கிடையாது, ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை தேடிப் படிங்க. இருந்தாலும் முழுசா வராது. மத்திய பொதுப்பணித் துறையோட 10சிசி ஷரத்துல வேலை மதிப்புல 85 சதவீதத்துக்குத்தான் கணக்கு, அதுவும் நீங்க கடையில குடுத்த விலைக்கு இல்ல, குறியீட்டு எண்ணுக்கு. கடையில இன்னிக்கு ஏறும், குறியீடு அப்புறம் மெதுவா வரும், அதை வெச்சு பில் போட்டு பாஸ் ஆகி வர்றதுக்குள்ள மறுபடி நாள், மறுபடி வட்டி.

2021லயும் 2022 தொடக்கத்துலயும் கம்பி விலை பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2022 மே மாசம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டு அடக்குச்சு, நவம்பர்ல எடுத்துடுச்சு. அந்த நேரத்துல தளம் போட வேண்டியவன் விலை குறையட்டும்னு காத்திருந்தா தாமத அபராதம், காத்திருக்காம போட்டா நஷ்டம். தார் இன்னும் வேடிக்கை, ஒண்ணாம் தேதியும் பதினாறாம் தேதியும் ஆயில் கம்பெனி ரேட் மாத்தும். ரோடு போடுறவங்க 14, 15ம் தேதி ஆனா டேங்கரை இன்னிக்கு எடுக்கவா நாளைக்கு எடுக்கவான்னு ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுட்டே இருப்பாங்க, சூதாட்டம் மாதிரிதான்.

நிறுத்துறது பத்தி. துறைதான் காரணம்னா நஷ்டஈடு உண்டு. பிரிஜ்பால் சிங்னு ஒரு கான்ட்ராக்டர் குஜராத் அரசு மேல போட்ட வழக்குல 1984ல சுப்ரீம் கோர்ட், செய்ய விடாம நிறுத்தின மிச்ச வேலை மதிப்புல 15 சதவீதம் லாப இழப்பா குடுக்கலாம்னு ஏத்துக்கிட்டாங்க. கவனிங்க, வேலை செஞ்சா நமக்கு ஏழரை கூட நிக்கிறதில்ல, செய்ய விடாம நிறுத்தினா கோர்ட்டுல 15, சிரிப்பா இல்ல? ஆனா அதை வாங்க எத்தனை வருஷம் கோர்ட் படி ஏறணும்னு யோசிங்க. 2024 ஜூன்ல மத்திய நிதி அமைச்சகம் ஆர்பிட்ரேஷனையே, அதாவது கோர்ட்டுக்கு வெளியில நடுவர் வெச்சுத் தீர்க்குறதையே, 10 கோடிக்குள்ள இருக்குற தகராறுக்கு மட்டும் வெச்சா போதும்னு துறைகளுக்கு சொல்லிடுச்சு, அதுக்கு மேலன்னா பெரும்பாலும் சமரசம், இல்ல கோர்ட்டு.

அதனால காகிதம் சேருங்க. ரோடு நடுவுல ஈபி கம்பம் நிக்குது, மாத்தித் தரலையா, அன்னிக்கே ஒரு லெட்டர், ரசீது. குடிநீர் பைப் குறுக்க போகுதா, லெட்டர். மரம் வெட்ட அனுமதி வரலையா, லெட்டர். வேலைக்கு வந்த தடங்கலை எழுதுற ரெஜிஸ்டர் சைட்ல இருக்கும், அதுல ஏறணும், ஏ.இ. கையெழுத்து வாங்கணும். அப்பதான் கால நீட்டிப்பு அபராதம் இல்லாம கிடைக்கும், இல்லன்னா தாமத அபராதம் 10 சதவீதம் வரைக்கும் கூட போகலாம். வாய்ல சொன்னா "பாத்துக்கலாம் சார்"னு சொன்ன அதிகாரி மாறுதல்ல போயிருப்பார், புதுசா வந்தவருக்கு உங்களையே தெரியாது.

கேள்வி: எல்லாம் சொல்றீங்க, பர்சன்டேஜ் பத்தி வாயே திறக்கலையே? – ஊர், பெயர் வேண்டாம்

திறக்குறேன். 2021ல கர்நாடகத்துல கான்ட்ராக்டர் சங்கமே பிரதமருக்கு லெட்டர் எழுதி, வேலைக்கு 40 சதவீதம் வரைக்கும் கமிஷன் கேக்குறாங்கன்னு குற்றஞ்சாட்டுச்சு. அவங்க சொன்னது அப்படியே சரியா தப்பான்னு நான் சொல்ல வரல. நான் கேக்குறது கணக்கு மட்டும்தான். எஸ்டிமேட்டுக்குள்ள மொத்த லாபமே ஏழரை, பத்துன்னா அதுக்கு மேல யாருக்கோ எத்தனை குடுத்தாலும் அது லாபத்துல இருந்து போகாது, போக முடியாது, சிமெண்டுல இருந்தும் கம்பியில இருந்தும்தான் போகும். அப்புறம் அந்தக் கட்டடத்துல யார் வீட்டுப் பிள்ளை படிக்குதுன்னு யோசிக்கணும்.

நான் குடுத்ததே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். 90கள்ல ஒரு ஆபீஸ்ல ஃபைல் நகர மேஜைக்கு மேஜை குடுத்திருக்கேன், ராத்திரி தூக்கம் வரல, அது வேற கதை. இப்ப உள்ள நெலமை வேற, 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் குடுக்குறவனும் குற்றவாளி, 7 வருஷம் வரைக்கும் ஜெயில். மிரட்டி வாங்கினாங்கன்னா 7 நாளைக்குள்ள போலீஸ்லயோ லஞ்ச ஒழிப்புலயோ சொன்னா தப்பிக்கலாம். "செலவு"ன்னு நோட்டுல எழுதி வெச்சு அதை வருமான வரிக்கணக்குல கழிக்கப் பாக்குற அப்பாவிகளும் உண்டு, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். கான்ட்ராக்டர்கள் தங்கள் தப்பை மறைத்து துறை மீதே பழி போடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்களா? – வேலூர் வாசகர்

சார், வணக்கம். நீங்க சொல்றதுல பாதிக்கு மேல நியாயம் இருக்கு, என்னையே எடுத்துக்கோங்க. முதல் தடவை நான் கவுந்ததுக்கு எந்த ஆபீஸும் காரணம் இல்ல. ஒரே நேரத்துல நாலு வேலை எடுத்தேன், நாலுலயும் நானே மேஸ்திரி, நானே கணக்குப்பிள்ளை. பாலம் வேலைக்கு வந்த பார்ட் பில்லை எடுத்து ஸ்கூல் வேலைக்கு கம்பி வாங்கினேன், ஸ்கூல் பில்லை எடுத்து வண்டி தவணை கட்டினேன், எந்த வேலையில லாபம் எதுல நஷ்டம்னே தெரியாது, எல்லாம் ஒரே பை. அந்த பாலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நான் கல்யாணத்துக்குப் போயிட்டேன், சென்ட்ரிங் ஒழுங்கா முட்டு குடுக்காம கான்கிரீட் போட்டுட்டாங்க, நடுவுல ரெண்டு அங்குலம் தொங்கிடுச்சு. இடிச்சுட்டு மறுபடி போடுன்னார் ஏ.இ.இ., அதாவது உதவி செயற்பொறியாளர். அப்ப அவரை எவ்வளவு திட்டினேன் தெரியுமா. இடிக்க கூலி, அள்ள கூலி, மறுபடி சிமெண்ட், மறுபடி கம்பி, 22 நாள். அவர் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

வடநாட்டுப் பசங்க ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனா திரும்ப எப்ப வருவாங்கன்னு தெரியாம மிக்ஸர் மெஷினுக்கு வாடகை கட்டிட்டு உக்காந்திருக்கோமே, அதுவும் நம்ம தப்புதான் சார், காலண்டர்ல தேதி போட்டுத்தானே இருக்கு.

கேள்வி: ஜிஎஸ்டி 18 பர்சன்ட் நம்ம லாபத்துல இருந்தா போகுது? – நாமக்கல் வாசகர்

டெண்டர்ல ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. அரசு கட்டுமான வேலைக்கு ரொம்ப நாளா 12 இருந்துச்சு, 2022 ஜூலை 18லருந்து 18 ஆச்சு. சேர்த்துன்னு போட்டு பழைய 12ஐ நெனச்சு கையெழுத்து போட்டிருந்தவங்க வித்தியாசத்தை துறைகிட்ட வாங்க நடையா நடந்தாங்க. 2025 செப்டம்பர் 22ல சிமெண்ட் 28லருந்து 18க்கு எறங்குச்சு, நல்ல விஷயம், ஆனா வாங்குன பொருளுக்குக் கட்டுன வரியைக் கழிச்சுக்குறவனுக்கு அதுல லாபம்னு பெருசா இல்ல, முன்கூட்டிப் போட வேண்டிய பணம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியில, அதுக்கு கட்டுன வரி திரும்பவே திரும்பாது, மண் வேலை பண்றவங்க அதை ரேட்டுலயே ஏத்திக்கோங்க. பில் இல்லாம வாங்குற எம் சாண்ட் யூனிட்டுக்கு கொஞ்சம் மலிவுன்னு தோணும், ஆனா வரி வரவு போச்சே.

கேள்வி: வேலை முடிஞ்சு 3 வருஷம் ஆச்சு, நிறுத்தி வெச்ச டெபாசிட்டை எப்படி வாங்குறது? – அறந்தாங்கி வாசகர்

கேட்டாத்தான் தருவாங்க, அவங்களா கூப்பிட்டு குடுத்ததா சரித்திரம் இல்ல. முதல்ல ஒப்பந்தத்துல உத்தரவாத காலம் எவ்வளவுன்னு பாருங்க, பிரதமர் கிராம சாலைத் திட்டம்னா 5 வருஷம் பராமரிப்பே உங்க தலையில, அது முடியாம கேக்க முடியாது. காலம் முடிஞ்சிருந்தா ஏ.இ.யை கூட்டிட்டுப் போய் சைட்டைக் காட்டி, விரிசல் ஒழுகல் இருந்தா பூசிக் குடுத்து, குறை எதுவும் இல்லைன்னு அறிக்கை எழுத வெச்சு, மனு குடுத்து, ரசீது வாங்குங்க. ஆடிட் ஆட்சேபணை ஏதாவது கெடந்தா அதுக்கும் பதில் எழுதி முடிக்கணும். ஃபைனல் பில் நகல், எம் புக் நம்பர், பக்க நம்பர், வேலை முடிஞ்ச சர்டிபிகேட் இந்த நாலும் இல்லாம போகாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க.

என் கதை கேளுங்க. 2009ல ஒரு சின்ன கல்வெர்ட் வேலைக்கு பேங்க் டெபாசிட் ரசீதா 38 ஆயிரம் அடமானம் வெச்சிருந்தேன். மறந்தே போச்சு. 2020 ஊரடங்குல வீட்டுல சும்மா உக்காந்து பழைய ஃபைல் கிளறும்போது நகல் கிடைச்சுது. போய்க் கேட்டா அந்த ஆபீஸே வேற கட்டடத்துக்கு மாறியிருந்துச்சு, பழைய பீரோ சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. நாலாவது தடவை போனப்ப ரிட்டயர் ஆக ரெண்டு மாசம் இருந்த ஒரு கிளார்க் அம்மா, "இருங்க தம்பி"ன்னு சொல்லிட்டு உள்ள போய், ஒரு மணி நேரம் கழிச்சு தும்மிக்கிட்டே வந்தாங்க, கையில என்னோட ஒரிஜினல் ரசீது, ஓரத்தை எலி கடிச்சிருக்கு, நம்பர் மட்டும் தப்பிச்சிருந்துச்சு. 11 வருஷ வட்டியோட வந்துச்சு சார். நான் எடுத்த வேலைகள்லயே வட்டி நான் கட்டாம எனக்கு வந்த ஒரே வேலை அந்த கல்வெர்ட்டுதான்.